பாக்கியவதி போட்ட ஆவாரம்பூத் தேநீர்

மனுஷர் வாயை நம்பி எனக்குப் பழக்கமில்லை. தச்சநல்லூரில் ஒரு மாவு மில்லின் மாடியில் இருபத்திரண்டு வருஷமாக ரத்தமும் மூத்திரமும் சோதித்துக் கொடுக்கிறவன் நான். "இனிப்பைக் கண்ணால பாக்கது கூட இல்ல பாய்" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லுவார் ஒருத்தர். அவருடைய மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, மருந்தை விட்டுச் சூடு காட்டினால் செங்கல் நிறத்தில் நிற்கும். நீலம் நல்லது, பச்சை பரவாயில்லை, செங்கல் என்றால் ஆள் நேற்று எங்கேயோ கல்யாண வீட்டில் பாயசத்தை இரண்டு தரம் வாங்கியிருக்கிறார். குழாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது. அதனால் நான் குழாயை நம்புகிறவன். என் பெண்டாட்டி இதைச் சொல்லியே என்னைத் திட்டுவாள், "நூகுன்னு பேரு வச்சதுக்குப் பதிலா சந்தேகம்னு வச்சிருக்கலாம்" என்று.

அப்பேர்ப்பட்ட என்னை ஒன்பது மாதம் முட்டாளாக்கி வைத்திருந்தது ஒரு பொம்பளை. பாக்கியவதி என்று பேர். அவளைப் பற்றித்தான் இதைச் சொல்ல வந்தேன்.

பாக்கியவதிக்கு ஊர் திசையன்விளைப் பக்கம். பத்தாவது வரை படித்து, பத்தொன்பது வயதில் தேவசிகாமணிக்குக் கழுத்தை நீட்டி இங்கே வந்தவள். தேவசிகாமணி பொதுப்பணித் துறையில் ஓவர்சியர். ஆற்றிலிருந்து பிரிகிற கால்வாய்களையும் மடைகளையும் முப்பது வருஷம் கட்டி மேய்த்தவர். மடையில் தண்ணீர் எவ்வளவு போக வேண்டும் என்று அவர் ஒரு தரம் சொல்லிவிட்டால் கலெக்டர் வந்தாலும் மாற்ற முடியாது என்பார்கள். வீட்டிலும் அதே கதைதான். பிள்ளை இல்லை. அவள் சத்துணவுக்கூடத்தில் அமைப்பாளர் வேலைக்குச் சேர்ந்து, தினமும் நூற்று முப்பது பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள். ஊரே அவளைச் சத்துணவு டீச்சர் என்று கூப்பிட்டது. நானும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன்.

கீரை என்றால் பிள்ளைகள் பொறுக்கித் தட்டோரத்தில் வைத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் முருங்கைக் கீரையை அவித்து, அம்மியில் வெண்ணெயாய் அரைத்து, சாம்பாரில் கலந்துவிடுவாள். சுகாதார நிலையத்திலிருந்து கறுப்பாக ஒரு ரத்தச்சோகை மாத்திரை கொடுத்தார்கள். பிள்ளைகள் அதை வாயில் போட்டுக்கொண்டு, வெளியே போய் வேலிக்குள் துப்பின. அவள் அத்தனையையும் இடித்து வெல்லப் பானகத்தில் கரைத்து, வரிசையில் நிறுத்திக் குடிக்க வைத்தாள். "பிள்ளைய எல்லாம் நல்லா குடிச்சிருதுவ, அண்ணே. டம்ளரை நக்கிட்டுப் போவுதுவ" என்று என்னிடமே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு மறந்தும் போனேன்.

ஓவர்சியருக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. அவர்கள் குடும்பத்தில் அது சீதனம் மாதிரி வருவது. அவருடைய அண்ணன் ஒருவருக்குச் சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய், கடைசி ஆறு வருஷம் இவர்கள் வீட்டில்தான் கிடந்தார். அவரைக் கொல்லைப்புறம் கூட்டிப்போனதும், முகம் கழுவிவிட்டதும், பைபிளை வாசித்துக் காட்டியதும் பாக்கியவதி. சோற்றுத் தட்டில் "பன்னெண்டு மணிக்குப் பொரியல் இருக்கு, ஆறு மணிக்கு மீன் இருக்கு" என்று கடிகாரக் கணக்கில் சொல்லிக்கொடுப்பாள். அவரை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்றைக்கு, புருஷனைக் காட்டி என்னிடம், "இவியளையும் இப்படி வச்சு நான் பாக்கணும்னா என்னால ஆவாது அண்ணே. அதுக்கு முன்ன ஆண்டவர் என்னைய எடுத்துக்கிடட்டும்" என்றாள். அந்தப் பயம் அவளுக்குள் கடைசி வரை இருந்தது.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஜூன் மாதம், ஸ்வாமிநாதன் என்கிற ஓய்வுபெற்ற பேங்க் ஆபீசர் எங்கள் ஊரில் சனிக்கிழமைக் கூட்டம் ஆரம்பித்தார். அடுப்பில்லாச் சாப்பாடு என்று அதற்குப் பேர். முளைகட்டிய பயறு, துருவிய சுரைக்காய், வெள்ளரி, ஊறவைத்த நிலக்கடலை, வெண்பூசணிச் சாறு. உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, தீ கிடையாது. ஒரே ஒரு விதிவிலக்கு, காலையும் மாலையும் ஒரு டம்ளர் மூலிகைத் தேநீர். ஆவாரம்பூ, சுக்கு, கொத்தமல்லி விதை, இன்னும் என்னென்னமோ இடித்த பொடியைக் கொதிக்கவைத்து வடிகட்டிக் குடிக்க வேண்டும். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுவார். பொடியைச் சும்மாதான் கொடுத்தார். எனக்கு அதுவே முதல் சந்தேகம். சும்மா கொடுக்கிறவனுக்கு வேறு என்னமோ வேண்டியிருக்கிறது என்பது என் கட்சி.

ஓவர்சியர் முதல் வாரமே அதில் விழுந்தார். வீட்டிலிருந்த சர்க்கரை மாத்திரையை எல்லாம் எடுத்து வாய்க்காலில் வீசினார். "இனி இந்த வீட்டு வாசப்படிய ஒரு மாத்திரை மிதிக்கக்கூடாது" என்று பெண்டாட்டியிடம் பைபிள் மேல் கைவைக்காத குறையாகச் சொன்னார். மூன்றாம் வாரம் என்னிடம் வந்து ரத்தம் கொடுத்தார். முந்நூற்று நாற்பது.

"ஓவர்சியர், இது விளையாட்டு இல்ல. மாத்திரையைப் போடும்" என்றேன்.

"உள்ள இருக்க விஷமெல்லாம் வெளிய வரும்போது அப்படித்தான் ஏறும்னு சாமிநாதன் சொல்லியிருக்காரு வே. பொறும்" என்றார்.

பக்கத்தில் நின்ற பாக்கியவதி சீட்டை வாங்கிப் பார்த்தாள். சீட்டை நாலாய் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பைய இறங்கிப் போனாள்.

ஆகஸ்டில் மறுபடி வந்தார். நூற்று முப்பத்தைந்து. நான் குழாயைக் கழுவி மறுபடி பார்த்தேன், அதே நூற்று முப்பத்தைந்து. அக்டோபரில் நூற்றிருபது. ஜனவரியில் நூற்றுப் பதினைந்து. சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை குறையும், அது எனக்கும் தெரியும். சோற்றை விட்டவருக்கு ஒரு ஐம்பது அறுபது இறங்கினால் ஒப்புக்கொள்ளலாம். இது அந்தக் கணக்கில் இல்லை. குழாயை நம்புகிறவன் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தேன் அல்லவா, அந்தக் குழாயே என்னைப் பார்த்துச் சிரித்தது.

ஓவர்சியருக்குத் தரையில் கால் பாவவில்லை. என் முத்திரை குத்திய மூன்று சீட்டையும் ஜெராக்ஸ் எடுத்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். அவர்கள் சபையில் சாட்சி சொல்வது என்று ஒரு வழக்கம் உண்டு. ஆண்டவர் எனக்கு இன்ன நன்மை செய்தார் என்று எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தில் ஓவர்சியர் ஆவாரம்பூவுக்குச் சாட்சி சொல்ல ஆரம்பித்தார். சனிக்கிழமைக் கூட்டத்தில் சொன்னார், பஸ்ஸில் சொன்னார், கொடுமையிலும் கொடுமை, என் லேப் பெஞ்சில் உட்கார்ந்து, ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடமும் சொன்னார். "இது என் வார்த்தை இல்ல வே, நூகு பாய் போட்ட சீலு" என்று என்னையே கை காட்டுவார்.

அப்படிச் சொல்லித்தான் என் மச்சானையும் பிடித்தார். என் தங்கை நஃபீஸத்தைக் கட்டியவர் முகம்மது இப்ராஹிம். பேட்டையில் தறி வைத்திருந்தார். நோன்பு மாதம் முடிந்து, பிப்ரவரியில் என்னிடம் ரத்தம் சோதிக்க வந்தவர், பெஞ்சில் ஓவர்சியர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் உள்ளே வேலையாக இருந்தேன். வெளியே வரும்போது மச்சான் கையில் ஆவாரம்பூப் பொடி இருந்தது.

"மச்சான், மாத்திரைய விட்டுராதீங்க" என்றேன்.

"நீதான மாப்ள சீல் குத்தியிருக்க. உன் சீட்ட நானே நம்பலன்னா எவன் நம்புவான்?" என்றார்.

சீட்டில் இருந்தது பொய் இல்லை. ஆனால் எங்கேயோ பொய் இருந்தது. எனக்கு அது எங்கே என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருஷம் பெரிய வெள்ளி மார்ச் கடைசியில் வந்தது. நான் ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சோற்றில் கை வைக்கவில்லை, அவர்கள் வேதக்கோயிலிலிருந்து ஆள் ஓடிவந்தது. ஓவர்சியர் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நடக்கிற மும்மணி ஆராதனையில் விழுந்துவிட்டார் என்று. போய்ப் பார்த்தால், வராந்தாவில் கிடத்தி விசிறிக்கொண்டிருந்தார்கள். சட்டையெல்லாம் வேர்வை. கை உதறுகிறது. என்னைப் பார்த்து, "மடைய அடை வே, தண்ணி வீணாப் போவுது" என்று உளறினார். பாக்கியவதி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்த நோய் என்னவென்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். நோன்பு மாதத்தில் வருஷா வருஷம் எங்கள் ஆட்களில் இரண்டு பேர் இப்படி விழுவார்கள். விடியுமுன் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பகலெல்லாம் பட்டினி இருந்து, பிற்பகல் அஸர் தொழுகை நேரத்தில் சாய்வார்கள். நான் முதலில் ரத்தத்தை எடுத்துக்கொண்டு, குளுக்கோஸைக் கரைத்து வாயில் ஊற்றினேன். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, செருப்பைத் தேடினார். லேபில் போய்ப் பார்த்தேன். நாற்பத்து நாலு. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து.

"இன்னைக்கு என்ன சாப்பிட்டாவ?" என்று பாக்கியவதியிடம் கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல அண்ணே. உபவாசம்லா. காலைல அந்த ஆவாரம்பூத் தண்ணி மட்டும். அது ஆகாரத்துல சேராதுன்னு சொன்னாவ, அதனால குடுத்தேன்." சொல்லி முடித்ததும் அவள் முகம் வெளிறியது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். புருஷன் பிழைத்த நடுக்கம் என்று நினைத்தேன். நினைத்தேன் பாருங்கள், நான் ஒரு சந்தேகக்காரன்!

மாத்திரை போடாத மனுஷனுக்கு மாத்திரை போட்டவன் நோய் வருமா? வராது. அப்போ பொடிக்குள் மாத்திரை இருக்கிறது. நாட்டு மருந்து என்று சொல்லி இங்கிலீஷ் மாத்திரையை இடித்துக் கலந்து விற்கிற கள்ளப் பயல்கள் அந்தக் காலத்தில் உண்டு. ஸ்வாமிநாதன் சும்மா கொடுப்பதன் ரகசியம் பிடிபட்டுவிட்டது என்று எனக்கு ஒரே குதூகலம். ஓவர்சியரோ மறுநாளே அந்த நாற்பத்து நாலையும் ஜெராக்ஸ் எடுத்தார். "இருந்த சர்க்கரையவே இல்லாமப் பண்ணிட்டு பாத்தேரா. அப்பேர்ப்பட்ட சக்தி" என்றார். அவரை என்ன செய்ய? மடைக்காரருக்கு வெள்ளம் வந்தாலும் பெருமை, வறண்டாலும் பெருமை.

நான் ஸ்வாமிநாதன் வீட்டுக்குச் சண்டைக்குப் போனேன்.

"வாங்கோ பாய், உக்காருங்கோ" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காராமல், பொடியில் என்ன கலக்கிறீர் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. உள்ளே கூட்டிப்போய், முற்றத்தில் காயும் ஆவாரம்பூவைக் காட்டினார். உரலைக் காட்டினார். ஒரு கை பொடியை என் முன்னாலேயே கொதிக்கவைத்து, தான் ஒரு டம்ளர் குடித்து, எனக்கும் ஒன்று நீட்டினார். நான் குடித்தேன். துவர்ப்பும் கசப்புமாக, நாக்கு பலகையாய்ப் போயிற்று.

"எம் பொண் மஹாலக்ஷ்மி இருபத்தாறு வயசுல வயித்து நோய்ல போயிட்டா பாய். கண்ட மருந்தும் குடுத்துப் பாத்தாச்சு. அப்புறந்தான் இதெல்லாம் படிச்சேன். இதுல கலப்படம் பண்ணி நேக்கு என்ன ஆகப் போறது?" என்றார்.

நான் அதையும் நம்பவில்லை. டப்பாவோடு பொடியை வாங்கிவந்து, காலையில் பட்டினியாக மூன்று நாள் குடித்தேன். ஒவ்வொரு நாளும் என் விரலை நானே குத்தி ரத்தம் பார்த்தேன். ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. கூட்டத்துக்குப் போகிறவர்களில் மாத்திரையை விட்ட நாலு பேரைக் கெஞ்சிக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தேன். இருநூற்றெண்பது, முந்நூற்றுப் பத்து, இருநூற்றறுபது. நாலாவது என் மச்சான். முந்நூற்றைம்பது. அவர் நொண்டிக்கொண்டு மாடி ஏறினார். வலது காலில் பெருவிரலுக்கு அடுத்த விரல் கறுத்து, நகத்தடியில் நீர் வடிந்தது. தறிக்குழியில் மிதிப்பலகை உரசி வந்த சின்னப் புண் என்றார். வலியே இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். சர்க்கரைக்காரர் புண்ணில் வலி இல்லை என்றால் நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம். அன்றே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

அவரை அனுப்பிவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். பொடி ஒன்று. டப்பா ஒன்று. குடிக்கிறவர்களில் ஒரே ஒருத்தருக்குத்தான் சர்க்கரை இறங்குகிறது. அப்படியானால் பொய் டப்பாவில் இல்லை, டப்பாவுக்கும் டம்ளருக்கும் நடுவில் இருக்கிறது. ஓவர்சியர் வீட்டில் டம்ளரை நீட்டுகிற கை யாருடையது? அப்போதுதான் பானகம் ஞாபகத்துக்கு வந்தது. டம்ளரை நக்கிவிட்டுப் போன பிள்ளைகளும்.

மறுநாள் காலை சத்துணவுக்கூடத்துக்குப் போனேன். பாக்கியவதி அம்மியில் கீரை அரைத்துக்கொண்டிருந்தாள். சமையல்காரி அரிசி களையப் போயிருந்தாள். நான் வாசலிலேயே நின்று, "டீச்சர், என்னைக்கிலேருந்து?" என்று மட்டும் கேட்டேன்.

குழவி நின்றது. அவள் நிமிரவில்லை.

"ஜூலை பதினாலு" என்றாள்.

"எங்கன வாங்குதீங்க?"

"ஜங்ஷன்ல. இங்கன வாங்குனா தெரிஞ்சிரும்லா." கையைத் தண்ணீரில் கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டாள். "காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு, அண்ணே. டாக்டர் முன்ன எழுதிக்குடுத்த அளவு தாண்டல. நைஸா இடிச்சுப் போட்டுருவேன். அந்தக் கசப்புல ஒண்ணுந் தெரியாது. அடியில வெள்ளையா மண்டி நிக்கும். சுக்குன்னு நினைச்சுக்கிடுவாவ."

"பெரிய வெள்ளி அன்னைக்கு?"

அவள் அழுதுவிட்டாள். "பழக்கத்துல போட்டுட்டேன் அண்ணே. வெறும் வயிறுங்கதே தோணல. நானே கொல்லப் பாத்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அம்மியைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். என்னை மடையனாக்கியது ஒரு பக்கம் இருக்கட்டும். "நேரா சொல்லியிருக்கலாம்லா?" என்றேன்.

"சொன்னேன். கெஞ்சுனேன். காலைப் பிடிச்சேன். எனக்கு விசுவாசம் இல்லன்னாவ." கண்ணைத் துடைத்தாள். "முந்நூத்தி நாப்பதுன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்க. அன்னைக்கு சாயந்தரம் பேப்பர் படிக்கும்போது, எழுத்து மங்கலாத் தெரியுதுன்னு சொன்னாவ. அவிய அண்ணனும் முதல்ல அப்படித்தான் சொன்னாவ. இவியளுக்குக் கண்ணு போவட்டும்னு நான் பாத்துட்டு இருக்கவா? இப்பச் சொன்னா அந்தத் தண்ணியையும் குடிக்க மாட்டாவ, மாத்திரையும் போட மாட்டாவ. நீங்க வாயத் திறந்திராதீங்க அண்ணே. உங்களக் கும்பிடுதேன்."

ஒரு நிமிஷம் எனக்கே இரக்கமாகப் போய்விட்டது. ஆனால் மச்சானுடைய கால் கண்ணுக்குள் நின்றது. பெஞ்சில் நடந்ததையும், ஓவர்சியரின் சாட்சியைக் கேட்டு மாத்திரையை விட்ட நாலு பேரையும், கறுத்துப்போன விரலையும் சொன்னேன். அவளுக்கு இது ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. புருஷன் பெருமையடிக்கிறார் என்று தெரியும், அதைக் கேட்டு ஆட்கள் மாத்திரையை வீசுவார்கள் என்று தோன்றவில்லை.

"எந்த விரல்?" என்று கேட்டாள்.

"வலது கால். ரெண்டாவது விரல்."

"எடுக்கணுமா?"

"எடுக்கணும்னு சொல்லிட்டாவ. அதோட நின்னா அல்லா காவல்."

நான், "சனிக்கிழமை கூட்டத்துல நான் வந்து சொல்லிருதேன் டீச்சர். வேற வழி இல்ல" என்றேன்.

"நீங்க சொன்னா, பாய் பொறாமையில சொல்லுதாருன்னு சொல்லுவாவ" என்றாள். "நானே சொல்லுதேன்." அப்புறம் உட்கார்ந்து மீதிக் கீரையை அரைத்தாள். பிள்ளைகளுக்குப் பதினொன்றரைக்குள் சாம்பார் இறங்க வேண்டும்.

சனிக்கிழமை ஸ்வாமிநாதன் வீட்டு முற்றத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். அவள் சொல்லமாட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். பொம்பளை, அதிலும் முப்பத்து நாலு வருஷம் அந்த மனுஷன் குரலுக்குமேல் குரல் எழுப்பாதவள். ஒருவேளை அவள் வராமலேயே இருந்துவிடுவாள், நான்தான் எழுந்திருக்க வேண்டும் என்று கடைசி வரிசையில் தயாராக உட்கார்ந்திருந்தேன். ஆனால் வந்தாள். கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சேலையில் வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள்.

ஓவர்சியர் எழுந்து நாலு சீட்டையும் விசிறியாய்ப் பிடித்தார். முந்நூற்று நாற்பது இருந்த கதையை வாயால் சொல்லி ஆரம்பித்து, நாற்பத்து நாலு சீட்டில் முடித்தார். கை தட்டினார்கள். கை தட்டல் ஓய்வதற்கு முன்னால் பாக்கியவதி எழுந்தாள்.

"நானும் சாட்சி சொல்லணும்" என்றாள்.

ஓவர்சியர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இத்தனை நாள் அவள் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. "வா, முன்ன வந்து சொல்லு" என்று வழிவிட்டார்.

அவள் முன்னே வந்தாள். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைத் திறந்து, பாதி தீர்ந்த மாத்திரை அட்டையை எடுத்து, ஸ்வாமிநாதனின் மேஜைமேல் வைத்தாள். "இது இவிய குடிக்க தண்ணியில தினமும் நான் இடிச்சுப் போட்ட சர்க்கரை மாத்திரை. சர்க்கரை இறங்குனது இதுலதான். பூவுல இல்ல. இவியளுக்குத் தெரியாது. இவிய பேர்ல பொய் இல்ல, என் பேர்லதான். இதக் கேட்டு மாத்திரைய விட்டவங்க தயவுசெஞ்சு நாளைக்கே போடுங்க. பேட்டையில ஒருத்தருக்குக் காலு விரலை எடுத்தாச்சு." அவ்வளவுதான் சொன்னாள். சொல்லமாட்டாள் என்று நினைத்த எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஸ்வாமிநாதன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். ஓவர்சியர் அந்த அட்டையையே பார்த்தார். நான் கேட்ட அதே கேள்வியைத்தான் அவரும் கேட்டார்.

"என்னைக்கிலேருந்து?"

"ஜூலை பதினாலு."

அவர் நாலு சீட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மேஜைமேலிருந்த மாத்திரை அட்டையையும் எடுத்து அதே பையில் வைத்துக்கொண்டார். யாரையும் பார்க்காமல் நடந்தார். அவள் பின்னாலேயே போனாள்.

அவர் அடிப்பார் என்று சிலர் சொன்னார்கள். அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மறுநாள் காலையில் அடுக்களைக்குள் போய், அவளை விலக்கிவிட்டு, தானே வெந்நீர் போட்டார். ஒரு மாத்திரையை எடுத்து, அவள் பார்க்க வாயில் போட்டு விழுங்கினார். நாள் தவறாமல் அப்படியே செய்தார். ஸ்வாமிநாதன் கூட்டத்தை நிறுத்தவில்லை, ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும், "மாத்திரையை விடப்படாது" என்று சொல்லித்தான் ஆரம்பித்தார். என் மச்சானுக்கு ஒரு விரலோடு போயிற்று. இப்போதும் நெய்கிறார். என் சீட்டை மட்டும் இரண்டு தரம் படித்துப் பார்க்கிறார்.

தொண்ணூற்றொன்பது டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேக் வாங்கிக்கொள்ள ஓவர்சியர் வீட்டுக்குப் போனேன். அவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார், கண்ணாடி இல்லாமல். எனக்குத் தேநீர் கொண்டுவந்த பாக்கியவதி, அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள். வெறும் தண்ணீர். அவர் டம்ளரை எடுத்து ஜன்னல் பக்கம் நீட்டி, சாய்த்து, அடியைப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. அப்புறமும் குடிக்காமல் எழுந்துபோய், குடத்தில் தானே மொண்டு குடித்தார். சோற்றிலும் அப்படித்தானாம். இரண்டரை வருஷமாக அவள் பரிமாறியதை விரலால் கிளறிப் பார்க்காமல் வாயில் வைத்ததில்லையாம். ஊரில் நூற்று முப்பது பிள்ளைகளை நக்கித் தின்னவைத்தவள் கைச்சோறு அது.

எனக்குத் தாங்கவில்லை. வாசல் வரை வந்தவளிடம், "இன்னுமா டீச்சர் இப்படி? ஒரு வார்த்தை நான் கேக்கட்டுமா?" என்றேன்.

"வேண்டாம் அண்ணே" என்றாள். "பாத்துக்கிடட்டும். பாக்கதுக்குக் கண்ணு இருக்குல்லா."